நாவல்பழம் தின்றால் சர்க்கரை இறங்குமா?

ஆனி பிறந்து நாலு தூறல் போட்டுவிட்டால் போதும், எங்கள் நெய்வேலிக்கு நாவல்பழக் கூடைகள் வந்துவிடும். சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள் தலைச்சுமையாய்க் கொண்டு வந்து, டவுன்ஷிப் வட்டங்களுக்குள் கூவி விற்பார்கள். பஜாரில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். குழந்தைகள் உதடும் நாக்கும் ஊதாவாகி, பள்ளிக்கூடச் சட்டையையும் கறையாக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஔவைப் பாட்டியிடம் "சுட்ட பழமா, சுடாத பழமா?" என்று முருகன் கேட்ட பழமாயிற்றே! அதன் ருசிக்கு என்ன குறைச்சல்?

ஆனால் இப்போதெல்லாம் ருசிக்காக வாங்குகிறவர்கள் குறைந்து போனார்கள். கூடைக்காரம்மாவே, "சக்கரைக்கு நல்லதும்மா, வாங்கிக்கோ. கொட்டையைத் தூக்கிப் போட்டுடாதே, காயவச்சுப் பொடி பண்ணு" என்று மருந்துக் கடை வைத்தவர் போலப் பேசுகிறார்.

இதைப் பற்றித்தான் ஒரு இளம் வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். "எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனால் அம்மாவுக்கு உண்டு. நாவல், நெல்லி, ஸ்ட்ராபெர்ரி போன்ற பழங்களைத் தினம் சாப்பிட்டால் எனக்கு வராமல் இருக்குமா? அல்லது உள்ள சர்க்கரையும் ஒரேயடியாய் இறங்கி மயக்கம் வந்துவிடுமா?"

நல்ல கேள்வி. பாதிப் பேர் மனசில் இருக்கிற கேள்வியும்கூட. நிதானமாய்ப் பார்ப்போம்.

ஒரு டீஸ்பூன் கணக்கு

முதலில் நம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆரோக்கியமான ஒருவருக்குக் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால், 100 மில்லி ரத்தத்தில் 70 முதல் 99 மில்லிகிராம் வரை இருக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குள் இருக்கும். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள மொத்தச் சர்க்கரையும் 5 கிராம் சுமாருக்குத்தான் வரும். அதாவது ஒரே ஒரு டீஸ்பூன்!

ஆச்சரியமாக இல்லை? நாம் ஒரு டம்ளர் காப்பிக்கே இரண்டு ஸ்பூன் போடுகிறோம். அதற்கு மேல் இட்லி, சாதம், பழம் என்று எத்தனை! ஒரு கப் சாதத்தில் மட்டும் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அத்தனையும் ஜீரணமாகிச் சர்க்கரையாய்த்தான் ரத்தத்துக்கு வருகிறது. அப்படியிருந்தும் ரத்தத்தில் அந்த ஒரு ஸ்பூன் கணக்கு ஏன் பெரிதாகத் தப்புவதில்லை?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரிய ஊற்று நீர் இருக்கிறது. அது முட்டிக்கொண்டு மேலே வராமல் இருக்க, சுரங்கத்தில் இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பது நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடும். நம் உடம்பில் அந்தப் பம்பு வேலையைச் செய்வது இன்சுலின். வயிற்றுக்குள் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறதே, அதுதான் இன்சுலினைச் சுரக்கிறது. சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையைத் தசைக்கும் ஈரலுக்கும் தள்ளிவிட்டு, மட்டத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. வெகு நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்துக் கொடுக்கிறது.

ஆகவே வாசகியின் இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பம்பு சரியாய் ஓடுகிற ஆரோக்கியமான உடம்பில், ஒரு கைப்பிடி நாவல்பழம் தின்றதால் சர்க்கரை அபாயமாய் இறங்கிவிடாது. பயமில்லாமல் சாப்பிடலாம்.

பழத்துக்குள் என்ன இருக்கிறது?

ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, கிரான்பெர்ரி என்று மேல்நாட்டார் பெருமையாய்ப் பேசுகிறார்களே, நமக்கும் அந்த ஜாதிச் சின்னப் பழங்கள் இல்லாமலில்லை. ஆனி, ஆடியில் நாவல். கார்த்திகை, மார்கழியில் நெல்லி. தை, மாசியில் இலந்தை. தாவர சாஸ்திரக்காரர்களைக் கேட்டால் அவர்கள் கணக்கு வேறு. நாவலும் தக்காளியும் கத்தரிக்காயும் 'பெர்ரி'யாம், ஸ்ட்ராபெர்ரி 'பெர்ரி'யே இல்லையாம்! அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் நாவல்பழச் சதையில் சுமார் 14 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. நெல்லியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இலந்தையில் 17. ஸ்ட்ராபெர்ரியில் 10-க்குச் சற்றுக் குறைவு. பக்கத்துப் பண்ருட்டிப் பலாவின் சுளை என்றால் சுமார் 20, வாழைப்பழம் 27.

கவனியுங்கள், நாவல்பழத்திலும் சர்க்கரை இருக்கத்தான் செய்கிறது. அதைத் தின்றாலும் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆனால் கொஞ்சமாய், மெதுவாய் ஏறும். சர்க்கரை குறைவு, தண்ணீர் அதிகம், மென்று தின்னவும் நேரமாகிறது. அதோடு அந்தத் துவர்ப்பும் ஊதா நிறமும் இருக்கிறதே, அவற்றைத் தருகிற சத்துக்கள் குடலில் சர்க்கரையை உடைக்கிற நொதிகளின் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகின்றன என்று சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

பின்லாந்தில் ஒரு சோதனை

சாப்பிட்ட மனிதரிடம் இது எப்படி வேலை செய்கிறது? பின்லாந்து தேசத்தில் அழகாய் ஒரு சோதனை செய்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 12 பேரை அழைத்து, ஒரு நாள் 35 கிராம் சர்க்கரையைத் தனியாகக் கொடுத்தார்கள். அதாவது ஏழு டீஸ்பூன்! இன்னொரு நாள் அதே சர்க்கரையை, நாலு விதப் பெர்ரிப் பழங்களை மசித்த 150 கிராம் விழுதோடு கொடுத்தார்கள். இரண்டு நாளும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

பழத்தோடு சாப்பிட்ட அன்று, முதல் கால் மணியிலும் அரை மணியிலும் சர்க்கரை குறைவாகவே ஏறியிருந்தது. உச்சத்தில் ஏறிய அளவு, நம் கணக்கில் சுமார் 18 மில்லிகிராம் குறைவு. ஆனால் இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, பழம் தின்ற அன்றுதான் சர்க்கரை சற்று அதிகமாக இருந்தது! பழம் சர்க்கரையை மாயமாய் மறையச் செய்யவில்லை. ஒரேயடியாய்ப் பாய வேண்டியதை நிதானமாய் வரவிட்டிருக்கிறது, அவ்வளவே. செங்குத்து மலையாய் ஏறி இறங்குவதற்குப் பதில் மேடாய் ஏறி இறங்குகிறது.

அதே நாட்டில் ஆரோக்கியமான பெண்களை மட்டும் வைத்து இன்னொரு சோதனை செய்து 2013-ல் வெளியிட்டார்கள். வெள்ளை ரொட்டியோடு விதவிதமான பெர்ரிகளைக் கொடுத்தார்கள். சில பழங்களோடு சாப்பிட்டபோது, அந்த ரொட்டியைச் சமாளிக்கக் குறைந்த இன்சுலினே போதுமாயிருந்தது. பம்புக்கு வேலை குறைச்சல்! ஆனால் எல்லாப் பழமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

நம் நாவலின் கதை

"அதெல்லாம் சீமைப் பழம். நம்ம நாவலைப் பத்திச் சொல்லுங்க" என்கிறீர்களா?

நாவல் நம் மண்ணோடு ஊறியது. வடமொழியில் ஜம்பு என்றால் நாவல்தான். திருவானைக்காவில் நாவல் மரத்தடியில் இருக்கிற சுவாமிக்கு ஜம்புகேஸ்வரர் என்று பேர். 1930-களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரி இருப்பதைக் கவனித்துச் சொல்லி, இந்த நெய்வேலி உண்டாகக் காரணமாயிருந்த ஜம்புலிங்க முதலியார் பெயரிலேகூட நாவல் இருக்கிறது! சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் நாவல் கொட்டையை நீரிழிவுக்குக் கொடுப்பது வெகு காலப் பழக்கம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பல சோதனைகளில் சர்க்கரை குறைந்தும் இருக்கிறது.

மனிதர்களிடம்? பிரேசில் தேசத்திலும் நாவல் மரம் உண்டு. அங்கே அதன் இலையை டீ போட்டுச் சர்க்கரை வியாதிக்குக் குடிக்கிறார்கள். அந்த நாட்டு டாக்டர்கள், சர்க்கரை வியாதி இல்லாத 30 இளம் வயதினரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நாவல் இலை டீ, சிலருக்கு வேறு டீ. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எல்லோருக்கும் குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் பார்த்தார்கள். 2000-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை! இலை வேறு, பழம் வேறு, கொட்டை வேறு என்பது நிஜம்தான். ஆனாலும் ஊரெல்லாம் நம்புகிறது என்பதற்காகவே ஒன்று வேலை செய்துவிடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

"மெஷின்ல எண்பத்தெட்டு, அக்கா!"

இப்போது வீட்டுக்கு வீடு சர்க்கரை பார்க்கிற மெஷின் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெண்மணி, தன் வீட்டுக்காரருக்காக வாங்கிய மெஷினில் தனக்கும் குத்திப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அக்கா, நேத்து சாயந்தரம் ஒரு கூறு நாவல்பழம் தின்னேன். காலைல பார்த்தா எண்பத்தெட்டு! எப்படி வேலை செய்யுது பாருங்க!"

"சரிம்மா, முந்தாநாள் காலைல பார்த்தியா?"

"இல்லையே…"

"அதுக்கு முந்தி?"

"என்னிக்குமே பார்த்ததில்லை அக்கா. எனக்குத்தான் சர்க்கரை இல்லையே!"

இதுதான் விஷயம். சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு எண்பத்தெட்டு இருப்பது இயற்கை. நாவல்பழம் தின்றாலும் எண்பத்தெட்டு, திருநெல்வேலி அல்வா தின்றாலும் மறுநாள் காலையில் கிட்டத்தட்ட எண்பத்தெட்டுதான். பெருமை கணையத்துக்கு, பழத்துக்கு அல்ல! ஒரே ஆளுக்கு, ஒரே ஆகாரத்தை, பழத்தோடு ஒரு நாளும் பழமில்லாமல் ஒரு நாளும் கொடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பின்லாந்துக்காரர்கள் செய்தது அதைத்தான்.

இளம் தாய்மார்களுக்கு

இதையெல்லாம் இவ்வளவு விஸ்தாரமாய் எழுதக் காரணம் உண்டு. பழத்தால் கெடுதல் வருவதில்லை. பழம் தருகிற தைரியத்தால்தான் கெடுதல் வருகிறது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆறாம் மாதத்தில் சர்க்கரை தெரிந்தது. பத்தியமாய் இருந்தாள். பிரசவம் ஆனதும் சர்க்கரையும் நின்றது. ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. பச்சைக் குழந்தை, வீட்டுக்காரருக்கோ ஷிப்ட் டியூட்டி, யார் கூட்டிப் போவது? மாமியார் நல்ல மனசோடு நாவல் கொட்டைப் பொடியை மோரில் கலந்து தினம் கொடுத்து வந்தார். நான் விசாரித்தபோதெல்லாம், "அதான் பொடி சாப்பிடறேனே அக்கா, ஒண்ணும் வராது" என்பாள்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த பிள்ளை உண்டாயிற்று. மூன்றாம் மாதம் ரத்தம் பார்த்தால் சர்க்கரை இருநூறைத் தாண்டி நிற்கிறது! நடுவில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. குழந்தையின் இருதயமும் மூளையும் உருவாகிற முதல் வாரங்களில் தாய்க்குச் சர்க்கரை ஏறியிருப்பது நல்லதல்ல. மீதி மாதமெல்லாம் இன்சுலின் ஊசியோடும் பயத்தோடும் கழிந்தது. தெய்வாதீனமாய்க் குழந்தை நல்லபடி பிறந்தது. அந்த ஒரு டெஸ்டுக்குப் போயிருந்தால், நடுவில் வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்திருந்தால், அந்தப் பயம் வேண்டியதே இல்லை.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டுமென்று 2007-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று அர்த்தம். பிரசவத்தோடு அது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வியாதி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் ஆறு வாரம் கழித்து ஒரு டெஸ்ட், பிறகும் தவறாமல் டெஸ்ட்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 2023-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாசற்படியில் நிற்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் வாசற்படி என்று அர்த்தம். வலியோ காய்ச்சலோ எதுவும் இருக்காது. ரத்தம் பார்த்தால்தான் தெரியும். அம்மாவுக்கு உண்டு என்று எழுதியிருக்கிற நம் வாசகியும் வருஷம் ஒரு தரம் பார்த்துக்கொள்வது அவசியம். அவர் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: பழம் உங்கள் கணையத்துக்கு ஒத்தாசை, காவல் அல்ல.

எப்படிச் சாப்பிட்டால் நல்லது?

முழுப் பழமாய், மென்று சாப்பிடுங்கள். ஜூஸாய்ப் பிழிந்து வடிகட்டினால் சக்கை போய்விடும். அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்தால் பிரயோசனமே போச்சு!

பலகாரத்துக்குப் பதிலாய்ச் சாப்பிடுங்கள். மிக்சரும் மைசூர்பாகும் தின்றுவிட்டு மேலே நாலு நாவல்பழம் போட்டுக்கொள்வதால் கணக்கு நேராகாது. சாயந்தர வேளையில் ஒரு கைப்பிடி, சுமார் 100 கிராம், தாராளமாய்ப் போதும்.

தேன் நெல்லி, நெல்லி ஜாம், வெல்லம் போட்ட இலந்தை வடை எல்லாம் தித்திப்புக் கணக்கில்தான் சேரும். நெல்லி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

புளூபெர்ரி விலை கொடுத்து வாங்க முடியவில்லையே என்று ஏங்கவும் வேண்டாம். கூடையில் வருகிற பழம் போதும். உப்புத் தண்ணீரில் நன்றாய் அலசி, அடிபட்டதை ஒதுக்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், பொடியை நம்பி அதை நிறுத்தவே கூடாது. மருந்தோடு பொடியும் சாப்பிடுவதானால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அதிகமாய் இறக்கிவிடக்கூடும்.

நெல்லிக்காய்த் தயிர்ப் பச்சடி

சாதத்தோடு பழத்தைச் சேர்க்க நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழி பச்சடி. பெரிய நெல்லிக்காய் நாலு எடுத்துக் கொட்டை நீக்கி நறுக்குங்கள். இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பச்சை மிளகாய், உப்பு சேர்த்து மைய அரையுங்கள். ஒரு கப் கெட்டித் தயிரில் கலந்து, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். அடுப்பில் வேக வைக்காததால் வைட்டமின் 'சி' வீணாகாது. 100 கிராம் நெல்லியில் அது சுமார் 600 மில்லிகிராம் இருக்கிறதாயிற்றே! சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, பச்சடியை ஒரு கரண்டி கூட்டிக்கொண்டால் ருசியும் உண்டு, உடம்புக்கும் சுகம்.

பச்சடி செய்து பார்த்து எழுதுங்கள். கூடவே, கடைசியாய் என்றைக்கு ரத்தம் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், சகோதரிகளே! அடுத்த இதழில் சந்திப்போம்.